நட்சத்திரப் போரும் ஓர் அகதியின் மகளும்

கனடாவுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன குடும்பங்களில் பெற்றார் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வந்து என்னவோ எல்லாம் கதைக்குது, எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்பதே அது. ஹொக்கி அணிகள், கணினி விளையாட்டுகள் என்று நீளும் அந்தக் கதைகளில் தவறாது இடம்பிடிப்பவை 'ஸ்ரார் வோர்ஸ்' எனப்படும் நட்சத்திரப் போர்ப் படங்கள். ஒளி வீசும் பிளாஸ்ரிக் வாள் வேண்டுமென்று கடையில் பிள்ளை அடம்பிடிக்கும்போதுதான் எம்மவரில் பலர் அந்தப் பெயரையே முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

சிறுபிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். இப்படங்களின் வரிசையில் 2017ஆம் ஆண்டு வெளிவந்த எட்டாம் பாகத்தையொட்டிப் பெரிய சச்சரவு ஒன்று எழுந்தது. ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். அந்தச் சச்சரவின் நடுவில் அகப்பட்டுக் காயப்பட்டவர், எம்மைப் போலவே போரிலிருந்து தப்பி வந்த ஓர் அகதிக் குடும்பத்தின் மகள். அவருக்கு நேர்ந்ததை நாம் அறிந்து வைத்திருப்பது எமது பிள்ளைகளுக்கு நல்லது.

அது என்ன கதை?

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஜோர்ஜ் லூக்காஸ் என்ற அமெரிக்க இயக்குநர் 1977இல் முதற்படத்தை வெளியிட்டார். விண்வெளியில் கொடுங்கோல் பேரரசு ஒன்று ஆட்சி செய்கிறது. அதை எதிர்த்து ஒரு சிறு கூட்டம் போராடுகிறது. பாலைவனக் கிரகமொன்றில் மாமன் மாமி வளர்த்த லூக் ஸ்கைவோக்கர் என்ற இளைஞன் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வீரனாகிறான். 'ஜெடாய்' எனப்படும் துறவி வீரர்கள், அண்டமெங்கும் பரவியிருக்கும் 'சக்தி', ஒளிவாள், குருகுலம், தன் தந்தையே எதிரி என்று அறிந்து கலங்கும் மகன் என்று பார்த்தால், பாரதமும் இராமாயணமும் கேட்டு வளர்ந்த எமக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. விண்கலங்களை எடுத்துவிட்டுத் தேர்களை வைத்தால் எங்கள் ஊர்க் கோயில் வீதியில் விடியவிடிய ஆடக்கூடிய கூத்துத்தான்.

1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களும் கதை வரிசையில் நான்காம், ஐந்தாம், ஆறாம் பாகங்கள். அதற்கு முந்திய கதையைச் சொல்லும் முதல் மூன்று பாகங்கள் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்தன. 2012இல் லூக்காஸின் நிறுவனத்தை வோல்ற் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. அதன்பின் 2015இல் ஏழாம் பாகமும், 2017 டிசம்பரில் எட்டாம் பாகமும், 2019 டிசம்பரில் ஒன்பதாம் பாகமும் வெளிவந்தன. ஆகவே கனடாவில் ஒரு தகப்பன் சிறுவனாய் இருந்தபோது பார்த்த கதையை அவருடைய பிள்ளையும் பார்க்கிறது. சில வீடுகளில் பேரப்பிள்ளையும் பார்க்கிறது. இதை வெறும் படமாக அவர்கள் எண்ணுவதில்லை. எமக்கு எங்கள் ஊர்த் திருவிழா எப்படியோ அப்படி.

எட்டாம் பாகத்தில் நடந்தது என்ன?

'த லாஸ்ட் ஜெடாய்', அதாவது கடைசி ஜெடாய், என்பது எட்டாம் பாகத்தின் பெயர். எழுதி இயக்கியவர் ரியன் ஜோன்சன். ஏழாம் பாகம் முடியும் இடத்தில், றே என்ற இளம்பெண் கடல் நடுவே ஒரு பாறைத் தீவில் மறைந்து வாழும் லூக்கைக் கண்டுபிடித்து, அவருடைய பழைய வாளை நீட்டுகிறாள். அத்தோடு படம் முடிந்துவிட்டது. அவர் என்ன செய்யப் போகிறார் என்று இரண்டு ஆண்டுகள் ரசிகர்கள் காத்திருந்தார்கள். எட்டாம் பாகத்தில் அவர் வாளை வாங்குகிறார். வாங்கித் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு நடந்து போய்விடுகிறார்.

அந்த ஒரு கணத்திலேயே படமாளிகை இரண்டாகப் பிரிந்தது என்று சொல்லலாம். ஒரு பகுதியினர் சிரித்தார்கள். மறுபகுதியினருக்கு நெஞ்சு வலித்தது. முப்பது நாற்பது ஆண்டுகளாக நம்பிக்கையின் வடிவமாக அவர்கள் கொண்டாடிய லூக், தோற்றுப்போய்க் கசந்துபோன முதியவராக வந்து நின்றார். தன் மருமகன் தீயவழியில் போவான் என்ற அச்சத்தில், ஒரு கணம் அவனைக் கொல்லவும் எண்ணியவர் அவர் என்று கதை சொன்னது. படத்தின் முடிவில் தன் கூட்டத்தைக் காப்பாற்றிவிட்டு அவர் மறைந்தும் போகிறார். றேயின் பெற்றார் யார் என்ற பெரிய மர்மத்துக்கும் எதிர்பாராத பதில் கிடைத்தது: அவர்கள் யாருமே இல்லை, குடிக்கும் காசுக்குப் பிள்ளையை விற்ற சாதாரண மனிதர்கள்.

படத்தை விரும்பியவர்கள் இதையே அதன் பெருமையாகச் சொன்னார்கள். அரச குலத்தில் பிறக்காதவளும் வீராங்கனை ஆகலாம், பெரிய குருவும் பிழை விடலாம், தோல்வியும் ஒரு பாடம் என்று இந்தப் படம் சொல்கிறது என்றார்கள். விரும்பாதவர்கள், எங்கள் லூக் இப்படிச் செய்யவே மாட்டார், கட்டிவைத்த கதையை ஒருவர் வந்து குலைத்துவிட்டார் என்றார்கள். சூதாட்ட நகரமொன்றில் நடக்கும் நடுப்பகுதி கதைக்குத் தேவையே இல்லை என்றும் பலர் குறைப்பட்டார்கள்.

இரு பக்கமும் எவ்வளவு தூரத்தில் நின்றன என்பதற்குச் சில கணக்குகள் சான்று. விமர்சகர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் படத்தைப் பாராட்டினர். இணையத்தில் தாமாக வாக்களித்த பார்வையாளரிடையே அந்த எண்ணிக்கை பாதிக்கும் குறைந்தது. அதே சமயம் முதல் நாட்களில் படமாளிகை வாசலில் வைத்துக் கேட்கப்பட்டவர்கள் படத்துக்கு 'ஏ' தரம் கொடுத்தார்கள். உலகெங்கும் 130 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் வசூலித்து, 2017இல் வந்த படங்களில் முதலிடம் பெற்றதும் இதுவே. இந்தப் பாகத்தைக் கதை வரிசையிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்று கேட்ட மனுவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் வைத்தார்கள்.

பொன்னியின் செல்வனை நினைத்துப் பாருங்கள்

ஒரு படத்துக்கு இவ்வளவு கோபமா என்று எமது பெரியவர்கள் வியக்கலாம். வியக்கத் தேவையில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' தொடரை மணிரத்தினம் இரண்டு பாகங்களாகப் படமாக்கியபோது எம்மிடையே நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்ததும், மணிமேகலை எங்கே போனாள், சேந்தன் அமுதனுக்குக் கல்கி கொடுத்த முடிவை ஏன் மாற்றினார்கள் என்று எத்தனை வீடுகளில் வாக்குவாதம் நடந்தது! நாவலை வாசித்த தாய்மாரும், படத்தை மட்டும் பார்த்த பிள்ளைகளும் இரு கட்சியாக நின்று பேசினார்கள். அதற்கும் முன்னர் எம்.ஜி.ஆர். படமா சிவாஜி படமா என்று யாழ்ப்பாணத்துப் படமாளிகை வாசல்களில் நடந்த சண்டைகளை எமது மூத்தவர்கள் இன்றும் சுவையாகச் சொல்வார்கள்.

ஒரு கதையைத் தன் சொந்தமாக எண்ணுகிறவனுக்குத்தான் அது மாறும்போது கோபம் வரும். இந்தக் கோபத்தில் பிழை இல்லை. லூக் ஆக நடித்த மார்க் ஹமில் என்பவருக்கே தன் பாத்திரத்தை எழுதிய விதம் பிடிக்கவில்லை. இயக்குநரிடம் அதை நேரே சொன்னார், வெளியிலும் சொன்னார். ஆயினும் அவர் கேட்டபடி முழுமனதோடு நடித்துக் கொடுத்தார். பின்னர், தன் ஐயத்தைப் பகிரங்கமாகப் பேசியதற்கு வருந்துவதாகவும் படம் மிகச் சிறந்தது என்றும் கூறினார். கருத்து வேறு, மரியாதை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

கோபம் ஆளை நோக்கித் திரும்பியபோது

எட்டாம் பாகத்தில் ரோஸ் ரிக்கோ என்று ஒரு புதிய பாத்திரம் வருகிறது. அவள் இளவரசியும் அல்ல, ஜெடாயும் அல்ல. போராளிகளின் கப்பலில் குழாய்களும் இயந்திரங்களும் திருத்தும் சாதாரணப் பணியாள். படத்தின் தொடக்கத்தில் குண்டுவீச்சுக் கலத்தில் இருந்த அவளுடைய அக்கா உயிரிழக்கிறாள். சகோதரிகள் இருவரும் ஆளுக்குப் பாதியாக அணிந்திருந்த பதக்கத்தைக் கையில் பிடித்தபடி, குழாய்களுக்கிடையே இருந்து அழும் பெண்ணாகத்தான் ரோஸை முதலில் காண்கிறோம். போரில் உடன்பிறப்பை இழந்து, அழுது முடிய நேரமில்லாமல் மறுபடி வேலைக்கு எழும்பும் பெண்களை எமக்குத் தெரியும். எங்கள் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள்.

படத்தின் இறுதியில், வெறுப்பதை அழிப்பதால் வெற்றி வராது, நேசிப்பதைக் காப்பதால்தான் வரும் என்ற கருத்தை ரோஸின் வாயால் இயக்குநர் சொல்லவைக்கிறார். அந்த வசனத்தையும் பலர் கேலி செய்தார்கள். சூதாட்ட நகரக் காட்சிகளில் அவள் இருந்தபடியால் அந்தப் பகுதி பிடிக்காதவர்களின் எரிச்சலும் அவள்மீது இறங்கியது. இது மட்டும் என்றால் படத்தின் குறை நிறையோடு முடிந்திருக்கும். ஆனால் சிலர் பாத்திரத்தை விட்டுவிட்டு, நடித்த கெலி மேரி ட்ரானைப் பிடித்துக்கொண்டார்கள். அவருடைய முகத்தையும் உடலையும் இனத்தையும் இழித்துப் பேசினார்கள். ரசிகர்கள் தொகுக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் ரோஸைப் பற்றிய பக்கத்தில் இனவெறிச் சொற்களை எழுதிவைத்தார்கள். மாதக்கணக்கில் இது தொடர, 2018 யூன் மாதம் கெலி தன் இன்ஸ்ரகிராம் பக்கத்தில் இருந்த அனைத்தையும் அழித்துவிட்டு விலகினார்.

யார் இந்தக் கெலி?

கெலி 1989இல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் பிறந்தவர். பெற்றார் வியட்நாம் போருக்குப் பின் தப்பி வந்த அகதிகள். தகப்பன் சிறுவனாக இருந்தபோது வியட்நாமில் ஏழு ஆண்டுகள் தெருவில் வாழ்ந்தவர். அமெரிக்காவில் பேர்கர் கிங் உணவகத்தில் பல காலம் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தாய் ஒரு மரணச்சடங்கு நிலையத்தில் வேலை பார்த்தார். மகள் அலுவலக வேலை செய்துகொண்டே சிறிய வேடங்களுக்கு அலைந்தவர். ரோஸ் வேடம் கிடைத்தபோது அதை வெளியில் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே கனடாவில் ஒரு சின்னப் படத்தில் நடிப்பதாக வீட்டாருக்குச் சொன்னார். நம்பவைப்பதற்காக அவர்களுக்கு மேப்பிள் பாகும் கொண்டுபோய்க் கொடுத்தாராம்!

வியட்நாம் அகதிகளின் கதை எமக்குப் புதிதல்ல. எமக்கு முன்னர் படகேறியவர்கள் அவர்கள். 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 60,000 இந்தோசீன அகதிகளைக் கனடா ஏற்றுக்கொண்டது. பலரைத் தேவாலயங்களும் அயலவர் குழுக்களும் பொறுப்பெடுத்து அழைத்தார்கள். அதற்காக ஐக்கிய நாடுகள் அகதிகள் அமைப்பின் நான்சன் பதக்கம் 1986இல் கனடிய மக்களுக்கு வழங்கப்பட்டது. அதே 1986 ஆகஸ்ரில்தான் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அந்தப் பகுதி மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அவர்களை அன்போடு வரவேற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பு என்று சத்தமிட்டவர்களும் இருந்தார்கள். "இது உனக்குரிய இடம் அல்ல" என்ற குரலை அன்று எம்மவர் கேட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு வியட்நாமிய அகதியின் மகள், விண்வெளிக் கதை ஒன்றில் நடித்ததற்காக அதே குரலைக் கேட்டார்.

2018 ஆகஸ்ரில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் கெலி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்னவை ஒவ்வொரு தமிழ்ப் பெற்றாரும் அறியவேண்டியவை. ஒன்பது வயதில் வியட்நாமிய மொழி பேசுவதை அவர் நிறுத்திவிட்டாராம். மற்றப் பிள்ளைகளின் கேலியைக் கேட்டுக் களைத்துப்போனதே காரணம். பதினேழு வயதில் வெள்ளையினக் குடும்பமொன்றோடு உணவகத்துக்குப் போனபோது, அவர் நல்ல ஆங்கிலத்தில் உணவு கேட்க, பரிமாறிய பெண் அவரை வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளை என்று எண்ணி வியந்தாராம். பிறருக்கு உச்சரிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று அவருடைய தாயும் தகப்பனும் தங்கள் பெயர்களையே மாற்றிக்கொண்டார்களாம். இணையத்தில் அவரைத் தூற்றியவர்கள் புதிதாக எதையும் சொல்லவில்லை என்றும், பிறந்த நாள் முதல் கேட்டுவந்த ஒன்றையே உரத்துச் சொன்னார்கள் என்றும், தானும் அதை நம்பத் தொடங்கியதுதான் பெரிய துயரம் என்றும் அவர் எழுதினார்.

சிவஞானசுந்தரம் என்ற பெயரோடு தொழிற்சாலைக்குப் போய் 'சிவா' என்று திரும்பிவந்த தகப்பன்மார் எம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கட்டுரையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முன்னர் நடந்தவையும் மார்க்கத்தில் படித்த பையனும்

கெலிக்கு நடந்தது இந்த வரிசையில் முதற்றடவை அல்ல. 1999இல் வந்த முதலாம் பாகத்தில் ஜார் ஜார் பிங்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தை உயிர்ப்பித்தவர் அகமட் பெஸ்ற் என்ற கறுப்பின நடிகர். பாத்திரம் பிடிக்காத கோபம் அவர்மீது கொட்டியது. அந்த நாட்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை தான் போனதாக 2018இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

இரண்டாம் மூன்றாம் பாகங்களின் நாயகன் எமது ஊர்க்காரர் என்றே சொல்லலாம். ஹெய்டன் கிறிஸ்ரென்சன் ரொறன்ரோவுக்கு வடக்கே தோர்ண்ஹில்லில் வளர்ந்து, மார்க்கத்தில் உள்ள யூனியன்வில் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 'வன்னி' என்ற பெயரில் ஒரு வீதியே உள்ள அதே மார்க்கம்தான். லூக்கின் தந்தை அனக்கின் தீயவனாக மாறும் கதையில் அவர் நடித்தார். நடிப்பு மரம்போல இருக்கிறது என்று எள்ளினார்கள். மோசமான நடிப்புக்கான கேலி விருதை இரண்டு முறை அவர் தலையில் கட்டினார்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட வசனங்களை எழுதியவர் வேறொருவர் என்பதை அன்று அதிகம் பேர் எண்ணவில்லை.

காலம் மெல்லத் திரும்பியது. அந்தப் படங்களைச் சிறுவயதில் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். அவர்களுக்கு அனக்கின் என்றால் ஹெய்டன்தான். 2022இல் 'ஓபி-வான் கெனோபி' தொலைக்காட்சித் தொடரில் அவர் திரும்ப வந்தபோது ரசிகர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். 2023இல் 'மண்டலோரியன்' தொடரில் அகமட் பெஸ்ற் ஒளிவாள் ஏந்திய ஜெடாயாக வந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். அதற்கும் முன்னரே, 2019 ஏப்ரலில் சிக்காக்கோவில் நடந்த ரசிகர் விழாவில் கெலி மேடையேறியபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்கலங்கினார்.

இந்த மாற்றம் மனதுக்கு ஆறுதல்தான். ஆனாலும் ஒரு மனிதரின் இருபது ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

எங்கள் எம். என். நம்பியாரை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அவர் செய்யாத அக்கிரமம் இல்லை. வெளியில் அவர் மது தொடாதவர், சைவ உணவுக்காரர், ஆண்டுதோறும் சபரிமலைக்குக் கூட்டம் கூட்டமாகப் பக்தர்களை அழைத்துச் சென்ற குருசாமி. திரையில் திட்டுவார்கள், நேரில் 'சுவாமி' என்பார்கள். வேடத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எமக்கு நெடுங்காலமாக இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

உரத்த குரல் எத்தனை பேருடையது?

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி உண்டு. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோர்ட்டன் பே என்ற ஆய்வாளர், எட்டாம் பாகத்தின் இயக்குநருக்கு ருவிற்றர் வழியாக வந்த 967 செய்திகளை எடுத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். அவற்றில் வெறுப்போ எதிர்ப்போ தெரிவித்தவை ஏறத்தாழ 22 வீதம் மட்டுமே. அந்த எதிர்ப்பிலும் ஏறக்குறைய பாதி, அரசியல் நோக்கோடு எழுதியவர்களும் வேண்டுமென்றே சீண்டுபவர்களும் இயந்திரக் கணக்குகளும் கிளப்பியது என்று அவர் கண்டார். உண்மையாகப் படம் பிடிக்காத ரசிகர்களும் அதில் இருந்தார்கள், நாகரிகமாகவே எழுதினார்கள். வெறும் குடம்தான் கூட ஒலித்தது.

ஆனால் ஒலிக்கும் குடத்துக்குப் பெரியவர்களும் பயப்படுகிறார்கள் என்பதுதான் வேதனை. எட்டாம் பாகத்தில் பத்து நிமிடம் வரை திரையில் இருந்த ரோஸ், ஒன்பதாம் பாகத்தில் ஏறத்தாழ 76 செக்கன்கள் மட்டுமே வந்தாள். றேயும் யாருமற்றவளாக இருக்கவில்லை. பழைய பேரரசனின் பேத்தி என்று கதையை மாற்றினார்கள். படைத்தவர்கள் அதற்கு வேறு காரணம் சொன்னார்கள். என்றாலும் ரோஸைப் பார்த்துத் தன்னைக் கண்ட சிறுமிக்கு அந்த 76 செக்கன்கள் சொன்ன பதில் கசப்பானது.

பின்னர் ஓரளவு பாடம் படித்திருக்கிறார்கள். 2022இல் கறுப்பின நடிகை மோசஸ் இங்ரமுக்கு இதே போன்ற இழிசொற்கள் வந்தபோது, படநிறுவனமே வெளிப்படையாக அவர் பக்கம் நின்றது. அந்தத் தொடரின் நாயகர் யுவான் மக்றெகரும் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். கெலியோ 2021இல் டிஸ்னியின் 'ராயாவும் கடைசி டிராகனும்' என்ற சித்திரப் படத்தின் நாயகிக்குக் குரல் கொடுத்தார். தென்கிழக்காசிய மண்ணின் சாயலில் டிஸ்னி உருவாக்கிய முதல் நாயகி அவள்.

எமது வீடுகளில்

இதெல்லாம் அமெரிக்க நடிகைகளின் பிரச்சினை, எமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. மிசிசாகாவில் பிறந்து வளர்ந்த எமது மைத்ரேயி இராமகிருஷ்ணன், ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து தெரிவாகி 2020இல் 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் நாயகியானார். அவருடைய பெற்றார் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர். அவருக்குப் பின்னால் இன்னும் பல பிள்ளைகள் மேடைக்கும் திரைக்கும், விளையாட்டுக்கும் அரசியலுக்கும் போகப் போகிறார்கள். புகழும் வரும், கல்லும் வரும். அதற்கு அவர்களைத் தயார்ப்படுத்துவது வீட்டில்தான் தொடங்குகிறது.

முதலாவது, பிள்ளை பார்க்கும் படத்தை ஒருமுறையாவது கூட இருந்து பாருங்கள். இரண்டு வேலை பார்க்கும் பெற்றாருக்கு நேரம் எங்கே என்பது நியாயமான கேள்விதான். முழுப்படமும் வேண்டாம், அரை மணித்தியாலம் போதும். "லூக் ஏன் வாளை எறிஞ்சவர்?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்குப் பிள்ளை ஒரு மணித்தியாலம் கதைக்கும். வீட்டில் தமிழில் அதைச் சொல்லத் தடுமாறினால் பொறுமையாக இருங்கள். நட்சத்திரப் போரைத் தமிழில் விளக்கப் பழகிய பிள்ளைக்கு எதையும் தமிழில் சொல்ல வரும்.

இரண்டாவது, பிள்ளை திடீரென்று தமிழ் பேச மறுத்தாலோ, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போக மாட்டேன் என்றாலோ, மதிய உணவுப் பெட்டியில் சோறு வேண்டாம் என்றாலோ உடனே ஏசாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். கெலி ஒன்பது வயதில் நிறுத்தியது சோம்பலால் அல்ல. எமது பிள்ளைகளும் காரணம் சொல்லாமல் நிறுத்துவார்கள்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்திலோ தொலைபேசியிலோ பிள்ளையை யாரேனும் இழித்துத் தொந்தரவு செய்தால் மறைக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து ஆசிரியரிடம் அல்லது அதிபரிடம் காட்டுங்கள். ஒன்ராறியோவில் 2012 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இணையவழித் தொந்தரவும் பள்ளிக்கூடம் கவனிக்க வேண்டிய குற்றமே. அதிபர் விசாரித்துப் பெற்றாருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஆங்கிலம் தடையாக இருந்தால், பல பள்ளிக்கூடங்களுக்கு வந்துபோகும் குடியேற்றப் பணியாளரின் உதவியைக் கேளுங்கள். அகதி நிலை கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம், முறைப்பாடு செய்தால் வழக்குக்குப் பாதிப்போ என்று சிலர் அஞ்சுகிறார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்தில் பேசுவது எந்தப் பெற்றாருக்கும் உரிய உரிமை. பெற்றாரிடம் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் 'கிட்ஸ் ஹெல்ப் போன்' என்ற சேவையை 1-800-668-6868 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நான்காவதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். எமது பிள்ளை எப்போதும் கல்லடி படுகிற பக்கத்தில்தான் நிற்கும் என்று எண்ண வேண்டாம். கூட்டத்தோடு சேர்ந்து சிரிப்பது இலகு. புதிதாக வந்த இன்னொரு பிள்ளையின் ஆங்கிலத்தைப் பார்த்து, சோமாலியப் பிள்ளையின் நிறத்தைப் பார்த்து, சீனப் பிள்ளையின் கண்ணைப் பார்த்து எமது பிள்ளையும் சிரிக்கலாம். பெரியவர்கள் வீட்டுக் குசினியில் மற்ற இனத்தவரைப் பற்றிப் பேசும் பேச்சைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே திருந்த வேண்டியவர்கள் நாம்.

படத்தைப் பற்றிய வாக்குவாதம் நடக்கட்டும். லூக் செய்தது சரியா பிழையா என்று எமது பிள்ளைகள் இந்தக் குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடிக்கட்டும். கதையைக் கூறுபோட்டு ஆராயப் பழகிய மூளை படிப்புக்கும் உதவும். சண்டை கதையோடு நிற்கட்டும். நடித்த பெண்ணின் முகத்துக்கும் நிறத்துக்கும் அது போகக்கூடாது என்ற கோட்டை நாம்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

கெலி தன் கட்டுரையின் முடிவில், உலகம் தன்னைக் கெலி என்று அறியும், ஆனால் உண்மைப் பெயர் லொவான் என்று எழுதினார். இருபத்தொன்பது வயதில் அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எமது பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை வகுப்பில் ஆசிரியர் பெயரைப் பிழையாகக் கூப்பிட்டால், எழுந்து நின்று சரியாகச் சொல்லிக்கொடுக்க இன்றிரவே அவர்களைப் பழக்குவோம்.